டொயோட்டா இழை: பழைய வியோஸ், கேஇ70 கொரோலா, ஹைலக்ஸ் – சுங்கை சிப்புட் தோட்டச் சாலைகளுக்கு எதைப் பார்த்து வாங்குவது, எதை எப்போது மாற்றுவது

#1 செம்மண்சாலை

லிந்தாங், லாசா பக்கத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "பதினைந்து வருஷத்து வியோஸ் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா?" பதில்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. தெரிந்தவர்கள் எல்லாவற்றையும் இங்கே எழுதுங்கள். பொதுப் புகழ்ச்சி வேண்டாம். எந்த பாகம், எத்தனை கிலோமீட்டரில், ஏன் போகிறது என்று எழுதினால் போதும்.

முதலில் வண்டியை அடையாளம் காணுங்கள். நம் மலேசியாவில் 2003இல் வந்த முதல் வியோஸ் என்சிபி42. 2007இல் வந்தது என்சிபி93. 2013 கடைசியில் வந்தது என்சிபி150. இந்த மூன்றிலும் ஒரே இன்ஜின்தான்: 1497 சிசி, 1என்ஸெட்-எஃப்இ. ஆட்டோ என்றால் நாலு கியர். 2016இல் இன்ஜின் 2என்ஆர்-எஃப்இ ஆக மாறியது, கீர்பாக்ஸ் சிவிடி (படியில்லாத கீர்) ஆனது. அதனால் '2015 வியோஸ்' என்பதும் '2017 வியோஸ்' என்பதும் வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே வேறு வண்டிகள். எண்ணெயும் வேறு, பிளக்கும் வேறு. ஸ்பேர் பார்ட் கடையில் ஆண்டை மட்டும் சொல்லிப் பாகம் வாங்காதீர்கள், சேசிஸ் எண்ணைக் காட்டுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "டொயோட்டாவுக்கு ஒன்றும் ஆகாது" என்ற பேச்சுதான் இந்த வண்டிகளைக் கெடுக்கிறது. அந்தப் பேச்சை நம்பி எண்ணெய் மாற்றாமல், ரேடியேட்டரைத் திறந்து பார்க்காமல் ஓட்டிய வண்டிகள்தான் கடைசியில் நம் கைக்கு வருகின்றன.

#2 பழையஏடு

சரித்திரப் பக்கத்தை நான் எழுதுகிறேன். அந்த நற்பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், எதுவரை அதை நம்பலாம் என்பதும் தெரியும்.

இந்தக் குடும்பம் கார் செய்ய வந்தது நெசவிலிருந்து. சக்கிச்சி டொயோடா 1924இல் முடித்த தானியங்கித் தறியில் ஒரு நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். குறையோடு துணி நீள்வதைவிடத் தறி நிற்பது மேல் என்பது அவர் கணக்கு. பழுது அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடாது என்ற அந்த விதியைத்தான் பிற்பாடு கார் தொழிற்சாலைக்கும் கொண்டு வந்தார்கள். மகன் கிய்ச்சிரோ 1933இல் தறித் தொழிற்சாலைக்குள்ளேயே மோட்டார் பிரிவைத் தொடங்கினார். 1935இல் ஜி1 லோரி, 1936இல் ஏஏ கார், 1937 ஆகஸ்டில் தனி நிறுவனம்.

கொரோலா வந்தது 1966இல், 1100 சிசி 'கே' இன்ஜினோடு. ஹைலக்ஸ் 1968இல். நம் தோட்டங்களில் இன்றும் கண்ணில் படும் கேஇ70 உடல் 1979இல் ஜப்பானில் வெளியானது. பின்சக்கரம் இழுக்கும் சாதாரண கொரோலா செடான்களில் அதுதான் கடைசித் தலைமுறை. 1983இல் அடுத்த தலைமுறை செடான் முன்சக்கர இழுவைக்கு மாறியது.

1985இல் புரோட்டோன் சாகா வந்த பிறகு, வரிச் சலுகை உள்நாட்டுக் காருக்குப் போனது. ஜப்பான் கார் விலை கைக்கு எட்டாமல் ஆனது. இருந்த கேஇ30, கேஇ70 கொரோலாக்களை விடாமல் பழுது பார்த்து ஓட்டும் பழக்கம் வேரூன்ற அது பெரிய காரணம். இன்னொரு பாதை, நம் இன்னொரு உள்நாட்டு நிறுவனமான பெரோடுவா: 1994 கஞ்சில், டாய்ஹாட்சு மிராவின் வடிவம். 2005 மைவி, டொயோட்டா பாசோவோடும் டாய்ஹாட்சு பூனோடும் பிறந்த வண்டி. டாய்ஹாட்சு 2016இல் முழுமையாக டொயோட்டாவின் கைக்குப் போனது. ஆகவே இந்த இழையில் சொல்லப்படும் பராமரிப்பில் பாதி, மைவி வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும்.

#3 ஸ்பேனர்14

வியோஸ் இன்ஜின் எண்ணெய்ல ஆரம்பிக்கிறேன், ஏன்னா தப்பு அதிகமா நடக்கிற இடம் அதுதான்.

ஃபில்டரோட மாத்தினா 1என்ஸெட்டுக்கு 3.7 லிட்டர். கடையில 4 லிட்டர் டப்பா. மிச்சம் 300 மில்லிய அப்படியே ஊத்திடாதீங்க. அளவுக்கு மேல போனா கிராங்க் எண்ணெய அடிச்சு நுரையாக்கும், பிரீதர் வழியா இன்டேக்குக்குள்ள போகும். 5டபிள்யூ-30 போதும். வடிக்கிற போல்ட் 14 மி.மீ. ஸ்பேனர், முறுக்கு 37 நியூட்டன் மீட்டர். அதோட வாஷர ஒவ்வொரு தடவையும் புதுசா போடுங்க. அலுமினியம் பான், இழுத்து முறுக்கினா மரை போயிடும். ஃபில்டரோட ரப்பர்ல புது எண்ணெய் தடவி, ரப்பர் தொட்டதுக்கு அப்புறம் கையால முக்கால் சுத்து. ஸ்பேனர் வேண்டாம்.

புத்தகத்துல 10,000 கிலோமீட்டர்னு இருக்கும். அது நெடுஞ்சாலைக்கணக்கு. தோட்ட லயத்து வீட்டுல இருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துல இருந்து கடைத்தெரு, மொத்தம் மூணு கிலோமீட்டர் ஓட்டம்னா இன்ஜின் முழுச்சூடு ஆகாது. உள்ளே சேர்ற பெட்ரோலும் நீராவியும் ஆவியா போகாம எண்ணெயிலயே தங்கிடும். அந்த மாதிரி ஓட்டத்துக்கு 5,000. கிலோமீட்டர் ஏறலைன்னாலும் ஆறு மாசம் தாண்டக்கூடாது.

அடுத்தது ஏர் ஃபில்டர். செம்மண் தூசிக்கு 20,000 வரைக்கும் காத்திருக்காதீங்க, 5,000க்கு ஒரு தடவை திறந்து பாருங்க. காத்து அடிச்சா சுத்தமான பக்கத்துல இருந்து அழுக்குப் பக்கத்துக்கு அடிக்கணும். தண்ணி படக்கூடாது. முக்கியமானது இது: ஃபில்டருக்கு அப்புறம் வர்ற ரப்பர் குழாய்க்குள்ள விரல விட்டுத் தேச்சுப் பாருங்க. விரல்ல சிவப்பு ஒட்டினா, பெட்டி கிளிப் சரியா மாட்டலை, இல்லைன்னா ஃபில்டர் ஓரம் வளைஞ்சிருக்கு. அந்தத் தூசி சிலிண்டர் சுவரத் தேய்க்கும். ரிங் தேய்ஞ்ச வண்டி எண்ணெய் குடிக்க ஆரம்பிச்சா ஃபில்டர் மாத்தி ஒண்ணும் ஆகாது. 'ரேசிங்'னு விக்கிற எண்ணெய் தடவின பஞ்சு ஃபில்டர் நம்ம ஊருக்கு வேண்டவே வேண்டாம். அந்த எண்ணெய் காத்தளவு சென்சார் கம்பியில படலமா படியும், ஐடல் (வண்டி நிக்கும்போது இன்ஜின் ஓட்டம்) ஆடும், பெட்ரோல் கூடும். சென்சார சுத்தம் பண்ண அதுக்குன்னே விக்கிற ஸ்ப்ரே மட்டும். கார்புரேட்டர் ஸ்ப்ரே அடிச்சா சென்சாரே போயிடும்.

#4 லாசா_என்சிபி93

அண்ணே, 2010 மாடல். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு விநாடி 'கர்ர்' என்று சத்தம், அப்புறம் இல்லை. டைமிங் செயினை (வால்வுகளை ஓட்டும் சங்கிலி) மாற்றச் சொல்கிறார்கள். உடனே மாற்றத்தான் வேண்டுமா?

#5 ஸ்பேனர்14

தம்பி, உடனே செயினுக்குப் போகாதீங்க. வரிசையா பாருங்க.

முதல்ல டிப்ஸ்டிக் (எண்ணெய் அளவு பாக்கிற குச்சி). குறைவா இருந்தா அதுவே காரணமா இருக்கலாம், ஏன்னா செயின் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்துலதான் நிக்குது. ரெண்டாவது, என்ன ஃபில்டர் போட்டிருக்குன்னு பாருங்க. நல்ல ஃபில்டருக்குள்ள ரப்பர் வால்வு ஒண்ணு இருக்கும், ராத்திரி எண்ணெய் முழுக்க கீழ வடியாம அது பிடிச்சு வைக்கும். மலிவு ஃபில்டர்ல அந்த ரப்பர் சீக்கிரம் கெட்டியாயிடும். காலையில அழுத்தம் வர்ற வரைக்கும் சத்தம். நல்ல ஃபில்டர் போட்டு ரெண்டு மூணு நாள் காலையில கேளுங்க.

அப்பவும் ஒரு விநாடி சத்தம் இருந்தா, விவிடி-ஐ (வால்வு திறக்கிற நேரத்த மாத்துற அமைப்பு) பல்சக்கரத்தோட பூட்டுப் பின் தேய்ஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். அது எரிச்சல், உடனே ஆபத்து இல்ல. சூடான பிறகும் ஐடல்ல செயின் மூடி பக்கம் சத்தம் நிக்காம வந்தா, இல்ல ஸ்கேன்ல பி0016ங்கிற பழுதுக் குறியீடு காட்டினா, அப்ப செயின் நீண்டிருக்கு. அதத் தள்ளிப் போடாதீங்க. செயின் பல் தாண்டினா வால்வு பிஸ்டன்ல இடிக்கும்.

பி1349 அல்லது பி0011 வந்தா, எண்ணெய்க் கட்டுப்பாட்டு வால்வக் குறை சொல்றதுக்கு முன்னாடி அதுக்கு எண்ணெய் போற வழியில இருக்கிற சின்ன சல்லடையக் கழட்டிப் பாருங்க. சிலிண்டர் ஹெட்ல ஒரு போல்ட்டுக்குப் பின்னாடி விரல் நுனி அளவுல இருக்கும். எண்ணெய் மாத்தாத வண்டியில அது கரிபிடிச்சு அடைஞ்சிருக்கும். வால்வோட காயில் 20 டிகிரியில 6.9ல இருந்து 7.9 ஓம் வரைக்கும் காட்டணும். அதுக்குள்ள இருந்தா காயில் நல்லாத்தான் இருக்கு.

#6 லயத்துக்கொரோலா

கேஇ70 வைத்திருப்பவர்களுக்காக. 4கே இன்ஜின், 1290 சிசி. செயின்தான், டைமிங் பெல்ட் இல்லை. வால்வு இடைவெளி இன்ஜின் சூட்டில் இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. இந்த இரண்டு எண்ணும் மாறினால், குறிப்பாக எக்ஸாஸ்ட்டை இறுக்கி வைத்தால், வால்வு முழுதாக மூடாமல் அதன் விளிம்பு எரிந்துவிடும். 'டிக் டிக்' சத்தத்தை நிறுத்துகிறேன் என்று இறுக்கி வைப்பவர்கள் செய்யும் தவறு இது. அந்த மெல்லிய சத்தம் இருக்கத்தான் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 0.45 மி.மீ.

மழைநாளில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கார்புரேட்டரைத் திருகுவதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடையுங்கள், உள்ளே கருங்கோடு போன்ற விரிசல் இருக்கிறதா பாருங்கள். டாங்கி துருத்தூள் கார்புரேட்டரின் ஃப்ளோட் அறைக்குப் போவது இன்னொரு தொல்லை. பெட்ரோல் பம்புக்கு முன் ஒரு கண்ணாடி ஃபில்டர் போட்டால் அடைப்பது கண்ணுக்குத் தெரியும்.

வாங்கும்போது இன்ஜினைவிட உடலைப் பாருங்கள். முன் கண்ணாடி ரப்பருக்குக் கீழே, பேட்டரித் தட்டுக்கு அடியில், முன் அப்சர்பர் தலை உட்காரும் இடத்தில், பின்சக்கர வளைவில் துரு. அப்சர்பர் தலை இடத்தில் விரல் அமுங்கினால் விட்டுவிடுங்கள். இன்ஜினை எப்போதும் மாற்றிக்கொள்ளலாம், அந்தத் தகட்டைச் சரியாக ஒட்டுபவர்கள் இப்போது குறைவு.

#7 ரேடியேட்டர்மூடி

வியோஸில் எண்ணெய்க்கு அடுத்து நிறைய இன்ஜினைக் கொன்றது சூடு. எல்லாம் அலுமினியம். ஒருமுறை நன்றாகக் கொதித்தால் ஹெட் வளைந்துவிடும்.

பழைய ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் டாங்கி கறுப்பிலிருந்து பழுப்பாக மாறியிருந்தால் அது இறுகிவிட்டது, மயிரிழை விரிசல் எப்போது வேண்டுமானாலும் வரும். ஒழுகும் வரை காத்திருக்காமல் நிறம் மாறும்போதே மாற்றுங்கள். மூடியில் அழுத்த எண் 1.1 என்று இருக்க வேண்டும். 0.9 மூடி போட்டால் கொதிநிலை இறங்கும், தண்ணீர் ரிசர்வ் டப்பாவுக்கு ஓடிவிடும்.

வாட்டர் பம்ப் ஒழுகுவதற்கு முன் தகவல் கொடுக்கும். பம்ப் மூக்குக்குக் கீழே, பெல்ட் பக்கம், இளஞ்சிவப்பு உப்புப் படிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் சீல் போகிறது. பெல்ட்டைத் தானே இறுக்கும் டென்ஷனர் இந்த இன்ஜினில் கிடையாது, ஆல்டர்னேட்டரை நகர்த்தித்தான் இறுக்க வேண்டும். அளவுக்கு மேல் இறுக்கினால் புதுப் பம்பின் பேரிங்கும் ஆல்டர்னேட்டரின் பேரிங்கும் சேர்ந்து போகும்.

பைப் தண்ணீர் ஊற்றாதீர்கள். அலுமினியத்தில் வெள்ளைப் படிவும் அரிப்பும் வரும். இளஞ்சிவப்பு நிற கூலன்ட் கலந்தே வருகிறது, தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றலாம். சிவப்பு அடர் கூலன்ட் என்றால் காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி. ஊற்றிய பிறகு மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டு, மேல் குழாயைக் கையால் அமுக்கி விடுங்கள். காற்றுக் குமிழ் நின்று, விசிறி இரண்டு முறை சுற்றி நின்ற பிறகு நிரப்பி மூடுங்கள். காற்று அடைத்திருந்தால் முதல் ஏற்றத்திலேயே சூடு ஏறும்.

லாலாங் புல் பூக்கும் காலத்தில் அந்தப் பஞ்சு ஏர்கோண்ட் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே போய் மெத்தையாகப் படியும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கி, அழுத்தம் குறைவான தண்ணீரால் அடியுங்கள். பிரஷர் பம்ப் வைத்தால் தகடுகள் மடிந்துவிடும்.

மீட்டரில் சூட்டு ஊசி இல்லாமல் நீலம், சிவப்பு விளக்கு மட்டும் இருக்கும் வண்டியானால் சிவப்பு வந்தவுடன் ஓரம் கட்டி அணையுங்கள். "ஈப்போ போய்ப் பார்த்துக்கலாம்" என்பது ஹெட் விலை.

#8 ஆல்டிஸ்_கவனம்

எல்லா டொயோட்டாவும் ஒன்றல்ல என்பதையும் இங்கே எழுதி வைக்க வேண்டும். 2001இல் வந்த கொரோலா ஆல்டிஸ் 1.8இன் 1ஸெட்ஸெட்-எஃப்இ இன்ஜின் எண்ணெய் குடிப்பதில் பெயர் வாங்கியது. பிஸ்டனில் எண்ணெய் ரிங்குக்குப் பின்னால் இருக்கும் வடிகால் துளைகள் சிறியவை, எண்ணிக்கையும் குறைவு. அவை கரியால் அடைத்தால் ரிங் எண்ணெயை வழித்துக் கீழே அனுப்ப முடியாது. பின்னர் பிஸ்டனை மாற்றி அமைத்தார்கள். 2005க்கு முந்தைய ஆல்டிஸ் வாங்குவதானால், நீண்ட இறக்கத்தில் காலை எடுத்து ஓட்டி, கீழே வந்ததும் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பின்கண்ணாடியில் பாருங்கள். நீலப் புகை ஒரு கொத்தாக வந்தால் கதை முடிந்தது.

2023இல் டாய்ஹாட்சு பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்ததை ஒப்புக்கொண்டது. டொயோட்டா பெயரில் விற்ற வண்டிகளும் பெரோடுவா ஆக்சியாவும் அதில் சிக்கின. இன்ஜின் உழைப்பது வேறு, மோதலில் காப்பது வேறு. இரண்டையும் ஒரே நற்பெயரில் கட்டிப் பார்க்காதீர்கள்.

#9 பழையஏடு

#8க்கு உடன்படுகிறேன், ஒன்றைச் சேர்க்கிறேன். 1990களின் கொரோலா எஸ்இஜியில் இருந்த 4ஏ-எஃப்இ இன்ஜின் பெல்ட் வகை, 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆனால் அந்தப் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது, புதுப் பெல்ட் போட்டால் ஓடும். வியோஸின் செயின் நீண்ட நாள் வரும், பிசகினால் மோதும். மலிவான பெல்ட்டை ஒழுங்காக மாற்றும் வீட்டில் எஸ்இஜி இன்னும் நல்ல வண்டிதான்.

#10 கீழ்லயம்_டாயர்

தோட்டச் சாலையில் முதலில் போவது அடிப்பாகம். சத்தத்தை வைத்துப் பிரிக்கலாம்.

சின்னச் சின்னக் குழியில் 'தொக் தொக்' என்றால் ஸ்டெபிலைசர் லிங்க். இதுதான் மலிவு, இதையே முதலில் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் குதித்தால் அப்சர்பர் மேல் மவுண்ட் பேரிங். பிரேக் அழுத்தும்போது ஒரு 'டொக்' என்றால் லோவர் ஆர்ம் புஷ். வேகத்தோடு ஏறும் 'ஊ...' சத்தம் டாயரா, வீல் பேரிங்கா என்று சந்தேகம் வந்தால், வளைவில் வண்டி சாயும்போது சத்தம் மாறுகிறதா பாருங்கள். மாறினால் பேரிங்.

லோவர் ஆர்ம் புஷ் மாற்றும்போது பெரும்பாலான பட்டறைகள் விடும் தவறு: வண்டியைத் தூக்கி வைத்து, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுதாக இறுக்குவது. வண்டி தரையில் இறங்கியதும் புது ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும். போல்ட்டைப் பாதி இறுக்கி, சக்கரத்தில் எடை ஏற்றிய பிறகு கடைசி இறுக்கம் கொடுக்கச் சொல்லுங்கள். கூடவே நின்று பார்த்தாலும் தவறில்லை.

டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் உறையைச் சரளைக்கல் கீறும். ரிம்முக்கு உள்பக்கம் கருப்பு கிரீஸ் தெறித்திருந்தால் உடனே உறை, கிளிப், கிரீஸ் மட்டும் மாற்றினால் போதும். விட்டால் செம்மண் உள்ளே போய், முழு வளைவில் 'கட கட' வரும், அப்புறம் ஜாயின்ட்டே மாற்ற வேண்டும்.

செம்பனை மட்டை முள் டாயரில் ஏறினால் முனை உள்ளேயே ஒடிந்து நிற்கும். காற்று மெதுவாக இறங்கும், ஆணி போலக் கண்ணுக்குத் தெரியாது. சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழ் பாருங்கள். பக்கச் சுவரில் ஏறியிருந்தால் ஒட்டக்கூடாது, டாயர் மாற்றம்தான். 185/60ஆர்15க்கு 32 பிஎஸ்ஐ. நட்டு 103 நியூட்டன் மீட்டர். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கினால் ஸ்டட் இழுபடும், வழியில் பஞ்சர் ஆனால் கைஸ்பேனருக்கு வராது.

பின் டிரம் உள்ள வண்டிகளில் சேற்றுக் காலம் முடிந்ததும் டிரம்மைக் கழற்றித் தூசி எடுங்கள். உள்ளே காய்ந்த செம்மண் லைனிங்கைத் தேய்க்கும், ஹேண்ட்பிரேக் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும்.

#11 பழக்குலை_டீசல்

ஹைலக்ஸ் டி4டி (2.5 லிட்டர் 2கேடி, 3.0 லிட்டர் 1கேடி) பற்றி யாரும் எழுதவில்லை. தோட்ட ஒப்பந்தக்காரர்களில் பெரும்பாலோர் இதைத்தான் ஓட்டுகிறார்கள்.

நம் டீசலில் 2019இல் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெய் எரிபொருள் கலக்கத் தொடங்கினார்கள். அது சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் இழுக்கும், பழைய டாங்கியில் ஒட்டிக் கிடந்த அழுக்கையும் கரைத்துக் கொண்டு வரும். அதனால் ஃபில்டர்தான் உயிர். டாங்கியைப் பாதிக்குக் கீழே விட்டு இரவு நிறுத்தாதீர்கள், காலிக் காற்றிலிருந்து நீர் இறங்கும். ஃபில்டர் விளக்கு எரிந்தால் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, மேலே உள்ள கைப்பம்பை அழுத்தி, சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிட்டுத் திருகை மூடுங்கள். தண்ணீரோடு ஓட்டினால் பம்ப்பும் நாலு இன்ஜெக்டரும் சேர்ந்து போகும்.

இன்னொன்று பெரிய ஆபத்து. இன்ஜெக்டருக்கு அடியில் செம்பு வாஷர் இருக்கிறது. அது கசிந்தால் எரிந்த வாயு வால்வு மூடிக்குள் போய் எண்ணெயைத் தாரைப்போல் கெட்டியாக்கும். அந்தக் கரி பானில் உள்ள எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும், அழுத்தம் இறங்கி பேரிங் பிடிக்கும். அறிகுறி: எண்ணெய் மூடியைத் திறந்தால் புகை தள்ளும், மூடியின் உள்பக்கம் கெட்டியான கரிப்பிசின். 1கேடி வாங்குபவர்கள் எண்ணெய் பான் தட்டைக் கழற்றிச் சல்லடையைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். இது மிகையான பேச்சு இல்லை.

டைமிங் பெல்ட் 150,000 கிலோமீட்டர். மீட்டர் மாற்றப்பட்ட வண்டியில் அந்த எச்சரிக்கை விளக்கு கணக்குத் தவறும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள்.

#12 மாலதி_எஸ்எஸ்

யாரும் எலியைப் பற்றி எழுதவில்லையே! செம்பனை ஓரம் நிறுத்தும் எந்த வண்டிக்கும் இது உண்டு. வயரைக் கடிப்பது தவிர, ஏர்கோண்ட் ஊதுவிசிறிக்குள்ளும் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் கூடு கட்டும். திடீரென்று இன்ஜின் விளக்கு வந்து பி0325 காட்டினால் நாக் சென்சார் வாங்குவதற்கு முன் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே போகும் அந்த வயரைப் பாருங்கள். அறுந்திருந்தால் ஒட்டுநாடா சுற்றி விடாமல், பற்றவைத்துச் சுருங்கு குழாய் போட வேண்டும். ஈரத்தில் வெறும் நாடா தாங்காது. காருக்குள் சாப்பாட்டுப் பொட்டலம், கோழித் தீவனம் வைக்காதீர்கள். ஏர்கோண்ட் வெளிக்காற்று வரும் வாயில் சின்னக் கண்ணி கம்பிவலை வைத்தால் கேபின் பக்கம் வருவது நிற்கும்.

கையுறைப் பெட்டியைக் கழற்றினால் கேபின் ஃபில்டர் இடம் தெரியும். சில வண்டிகளில் இடம் மட்டும் இருக்கும், ஃபில்டரே இருக்காது. அப்போது தூசி நேராகக் கூலிங் காயிலில் ஈரத்தோடு ஒட்டி அரிக்கும், அப்புறம் காஸ் நிற்காது. இந்தச் சின்னக் காகிதத்தை முதல் நாளே போடுங்கள்.

#13 லாசா_என்சிபி93

நன்றி அண்ணே, ஃபில்டர் மாற்றியதும் காலைச் சத்தம் நின்றது. இன்னொரு கேள்வி: ஆட்டோ கீர் எண்ணெயை மெஷின் வைத்து முழுதாக ஃப்ளஷ் செய்யலாமா? இதுவரை மாற்றியதாகத் தெரியவில்லை. சாலைச் சிக்னலில் டி-யில் நின்றால் நடுக்கமும் இருக்கிறது.

#14 ஸ்பேனர்14

ஃப்ளஷ் வேண்டாம். திருகைக் கழட்டினா சுமார் 3 லிட்டர் வடியும், உள்ள இருக்கிறதுல பாதி கூட இல்ல. எவ்வளவு வடிஞ்சதோ அளந்து அதே அளவு டிப்ஸ்டிக் குழாய் வழியா ஊத்துங்க. 1,000 கிலோமீட்டர் ஓட்டி மறுபடி ஒரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. மெதுவா புதுசாகும். டி-IV வகையா டபிள்யூஎஸ் வகையாங்கிறது டிப்ஸ்டிக்லயோ புத்தகத்துலயோ இருக்கும், அதையே போடுங்க. அளவு பாக்கும்போது வண்டி நல்லா ஓடிச் சூடாகணும், சமதரையில, இன்ஜின் ஓட, பி-யில இருந்து எல்-வரைக்கும் ஒவ்வொரு இடத்துலயும் நிறுத்தித் திரும்ப பி-க்கு வந்து பாக்கணும். எண்ணெய் தே தாரிக் (பால் டீ) நிறத்துல இருந்தா ரேடியேட்டருக்குள்ள இருக்கிற கீர் எண்ணெய்க் குழாய் உடைஞ்சு கூலன்ட் கலந்திருக்கு. அப்ப ஓட்டாதீங்க, இழுத்துட்டுப் போங்க.

நடுக்கத்துக்கு: டி-யில நடுங்கி, என்-ல போட்டா அடங்குதா? அப்ப செயின் பக்க இன்ஜின் மவுண்ட்தான். உள்ள திரவம் இருக்கும், அது கசிஞ்சு கீழ கருப்புக் கறை தெரியும். என்-லயும் நடுங்கினா திராட்டில் பாடி, பிளக், காயில்னு போங்க. பிளக் இடைவெளி 1.1 மி.மீ. மின்சாரத் திராட்டிலா இருந்தா தட்டைக் கையால தள்ளித் திறக்காதீங்க, பல்சக்கரம் உடையும்.

#15 செம்மண்சாலை

வாங்கும் நாளுக்கான பகுதியை எழுதுகிறேன்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரில் மூழ்கிய வண்டிகள் பல பழைய கார் சந்தைக்கு வந்தன. சீட்பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை கோடாக நிற்கும். சீட் தண்டவாளத்து போல்ட்டுகளில் துரு, ஃபியூஸ் பெட்டி ஊசிகளில் பச்சை, ஸ்பேர் டாயர் பள்ளத்தில் மெல்லிய வண்டல். உள்ளே வாசனைத் திரவியம் மிகையாக அடித்திருந்தால் கம்பளத்தைத் தூக்காமல் விடாதீர்கள்.

அடுத்தது தக்காட்டா நிறுவனத்தின் ஏர்பேக். பழைய வியோஸ், யாரிஸ், ஆல்டிஸ் பலவும் அந்த ஏர்பேக்குக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் உள்ளன. அந்த இன்ஃப்ளேட்டரின் (பையை ஊதும் பாகம்) வேதிப்பொருள் வருஷக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டுக் கெடும், வெடிக்கும்போது உலோகத் துண்டாகச் சிதறும். நம் ஊர் தட்பவெப்பத்துக்கு இது தூரத்து ஆபத்து அல்ல. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் மாற்றியாயிற்றா இல்லையா என்று சேவை மையத்தில் சொல்வார்கள், மாற்றம் இலவசம். முந்தைய உரிமையாளர் செய்திருப்பார் என்று நினைத்து விடாதீர்கள். வீட்டில் பிள்ளைகளை ஏற்றும் வண்டி.

ஓட்டுநர் பக்கக் கண்ணாடி சுவிட்ச் தடுக்கினால் அதற்குள் எந்த எண்ணெய் ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள். 2012இல் உலகம் முழுக்கச் சுமார் 74 லட்சம் வண்டிகளை டொயோட்டா திரும்ப அழைத்தது இந்தச் சுவிட்சுக்காகத்தான். கடையில் விற்கும் மசகு பட்டால் உள்ளே சூடாகி உருகும்.

பெயர் மாற்றத்துக்கு புஸ்பாகோம் (வண்டிச் சோதனை நிலையம்) பி5 சோதனை, வங்கிக் கடன் என்றால் பி7. பி5இல் சேசிஸ், இன்ஜின் எண்களைப் பார்ப்பார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த இரண்டு எண்ணையும் நீங்களே கிராண்டோடு (வண்டிப் பதிவுச் சான்று) ஒப்பிடுங்கள்.

#16 கீழ்லயம்_டாயர்

நான் பார்த்த வியோஸில் இன்ஜின் எண் கிராண்டில் உள்ளதோடு பொருந்தவில்லை, 'ஜப்பான் ஹாஃப்கட் (பாதியாக வெட்டி இறக்கிய பழைய கார்) இன்ஜின் போட்டது' என்கிறார் விற்பவர். வண்டி மற்றபடி நல்ல நிலை. விடுவதா?

#17 ஸ்பேனர்14

ஹாஃப்கட் இன்ஜின் போட்டதுல தப்பில்ல. ஜப்பான்ல புரோபாக்ஸ், பிபி, இஸ்ட் எல்லாத்துலயும் இதே 1என்ஸெட் இருந்ததால நிறைய கிடைக்கும். ஆனா மாத்தினத ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிஞ்சிருக்கணும். பதியலைன்னா பி5லயே நிக்கும். இப்ப விக்கிறவர் பேர்லயே, அவர் செலவுல, இன்ஜின் வாங்கின ரசீதோட புஸ்பாகோம்ல காட்டி, கிராண்ட்ல புது எண் ஏறட்டும். ஏறின கிராண்டக் கண்ணால பாத்த பிறகு முன்பணம் கொடுங்க. ரசீது இல்லன்னு சொன்னா வேற வண்டி பாருங்க.